இரண்டாவது முழுக்கு

இராஜாங்கத்தின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

ஒரு ரிங்... இரண்டு ரிங்... கட்!

அவர் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்றுதான் ஏற்பாடு. இரண்டு ரிங்கோடு நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

திருக்கடையூர் கோயில் வாசலில் நின்றிருந்தார். உள்ளே ஹோம குண்டம் தயார். அவருடைய தங்கை மங்களாம்பிகையின் கணவனுக்கு இன்று அறுபதாம் கல்யாணம். செலவு முழுக்க இராஜாங்கத்துடையது.

குருக்கள் வெளியே வந்து, தம்பதி வருகிற நேரமாகிவிட்டதே, நீங்களாவது உள்ளே வந்து உட்காருங்கள் என்றார்.

இராஜாங்கம் இரண்டடி பின்னால் போனார்.

"நான் உள்ள வரக் கூடாது சாமி. தீட்டு."

குருக்கள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் விறுவிறுவென்று குளத்துக்குப் போனார். சட்டையும் செல்போனும் படியில். கரை வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார்.

மூன்று முழுக்கு!

ஆட்சி மாறும்போதெல்லாம் அந்த வேட்டியின் கரையும் மாறும். மனிதர் மட்டும் மாறவே மாட்டார்.

* * *

அதே நேரம். சீர்காழியைத் தாண்டி நாலு கிலோமீட்டர்.

வயல் சேற்றில் தலைகீழாகக் கிடந்தது ஒரு பச்சை ஸ்கூட்டர். முன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பின்னால் இன்னொரு ஸ்கூட்டரில் வந்த வீரையன், வண்டியை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு ஓடினார். அறுபது வயதுக்கு அது ஓட்டமே இல்லை, பாய்ச்சல்.

"மங்களம்...!"

சேற்றில் ஸ்கூட்டர் மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு நாள் பயணம். சென்னையிலிருந்து ஆளுக்கொரு ஸ்கூட்டர். கார் வைத்துக்கொள்ளலாம் என்று வீரையன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மங்களாம்பிகை கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் சொந்த ஊரை விட்டு ஒரு சைக்கிள் கேரியரில், முக்காடு போட்டுக்கொண்டு ஓடியவள் அவள். ஓட்டியவர் வீரையன். பண்ணை வீட்டுப் பெண், பண்ணையாள் மகன். திரும்பி வரும்போது ஹேண்டில்பார் என் கையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஹேண்டில்பாரை இப்போது ஒரு டிப்பர் லாரி முறித்துப் போட்டுவிட்டது. பின்னாலேயே வந்தது. வீரையனைத் தாண்டியது. பச்சை ஸ்கூட்டரை மட்டும் இடித்தது. நிற்காமல் போய்விட்டது.

வீரையன் வரப்பில் சறுக்கி விழுந்து எழுந்தார். குறுவைக்கு அப்போதுதான் உழுது போட்ட வயல். முழங்கால் அளவு சேறு.

சேறு அசைந்தது.

ஹெல்மெட் ஒன்று எழுந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"வண்டி நம்பர் பாத்தீங்களா?"

வீரையன் அழுதுவிட்டார். பார்த்தேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப ஏன் அழுவுறீங்க? போலீஸுக்குப் போன் போடுங்க. கல்லுல விழுந்திருந்தா செத்திருப்பேன். சேத்துல விழுந்தேன். கையி மட்டுந்தான் வலிக்குது."

* * *

இன்ஸ்பெக்டர் ஜன்னத் பீவி இருபது நிமிடத்தில் வந்தாள். வரப்பில் உட்கார்ந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்த மங்களாம்பிகை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"எங்கண்ணன்தான்."

காரணம் கேட்டாள் இன்ஸ்பெக்டர். காரணம் இரண்டு வேலி நிலம், பதிமூன்று ஏக்கருக்கு மேல். மகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்த பிறகு, வழக்குப் போட்டு மங்களாம்பிகை வாங்கிய பங்கு. அதை உழுது சாப்பிடும் ஒன்பது குடும்பங்களுக்கு இன்று மதியம் இரண்டு மணிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாள். பத்திரம் தயார். கையெழுத்துதான் பாக்கி.

"உங்க பங்குக்கு உங்க வீட்டுக்காரர்தானே வாரிசு? உங்களைக் கொன்னு உங்க அண்ணனுக்கு என்ன லாபம்?" என்றாள் ஜன்னத் பீவி.

"எனக்குப் பிள்ளை இல்ல மேடம். பிள்ளை இல்லாதவ செத்தா, அப்பா வழி வந்த நிலம் அப்பா வழிக்கே போயிடும். இவருக்கு ஒரு குழி கூட வராது. வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்கண்ணனுக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

வீரையனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதற்காகத் தன் அப்பாவைத் தென்னை மரத்தில் கட்டிவைத்து அடித்த குடும்பம். அந்த அண்ணன்காரன் போன மாதம் போன் செய்து, பழசை மறப்போம், உன் கல்யாணத்தை நானே நடத்துகிறேன் என்று குழைந்தபோது, நம்பித் தொலைத்த தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. என் வண்டி பச்சை, அவருடையது சாம்பல் கலர் என்று மங்களம் அண்ணனிடம் ஆசையாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"சந்தேகத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஆதாரம் வேணும்."

மங்களாம்பிகை நிமிர்ந்தாள்.

"நான் உயிரோட இருக்கிறது யாருக்கும் தெரிய வேணாம். நீங்க நேரா கோயிலுக்குப் போங்க. எங்கண்ணன் உள்ள நிக்கிறாரா, வெளிய நிக்கிறாரான்னு மட்டும் பாருங்க."

"வெளிய நின்னா?"

"அவருதான்."

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஜீப்பில் ஏறினாள்.

* * *

பதினொரு மணி.

இராஜாங்கம் வெளியேதான் நின்றார். வேட்டி பாதி காய்ந்திருந்தது.

ஜன்னத் பீவி முதலில் குருக்களிடம் தனியாகப் பேசினாள். பிறகு இவரிடம் வந்தாள்.

"மங்களாம்பிகை உங்க தங்கச்சியா? சீர்காழி பக்கத்துல ஒரு டிப்பர் அவங்க ஸ்கூட்டரை இடிச்சிடுச்சு."

"ஐயோ... போயிட்டாளா!"

தலையில் அடித்துக்கொண்டார். கண்ணீர் கூட வந்தது. நல்ல பயிற்சி.

"போயிட்டாங்கன்னு நான் சொல்லலையே."

"டிப்பர் இடிச்சா பொழைப்பாளாம்மா..."

"சரி. பத்து மணிக்கு முன்னாடியே தீட்டுன்னு சொல்லி முழுக்குப் போட்டீங்களாம். குருக்கள் சொன்னாரு. அது யாருக்கு?"

இராஜாங்கத்தின் கை தலையிலேயே நின்றது.

"அது... ஒரு பங்காளி. இன்னிக்குக் காலைல தவறிட்டாரு."

"பேரு?"

இராஜாங்கம் குளத்துப் பக்கம் பார்த்தார்.

"எந்த ஊரு?"

ஈர வேட்டியின் நுனியைப் பிழிய ஆரம்பித்தார்.

"டிப்பர் டிரைவர் அரசப்பனை வைத்தீஸ்வரன்கோயில்கிட்ட மடக்கிட்டோம். அவன் செல்லுல கடைசியாப் போட்ட நம்பர் உங்களுது. அதுக்கு ராங் நம்பர்னு ஏதாவது கதை சொல்லுவீங்க. முழுக்குக்கு என்ன கதை சொல்லப் போறீங்க?"

"தீட்டோட வாசப்படி மிதிக்கிற குடும்பம் இல்லம்மா எங்க குடும்பம்..." என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

கொலை செய்யத் தெரிந்தது. தீட்டோடு கோயிலுக்குள் போகத் தெரியவில்லை!

அப்போதுதான் சன்னதித் தெருவில் ஸ்கூட்டர் சத்தம்.

சாம்பல் கலர். ஓட்டியது தலையிலிருந்து கால்வரை சேறாக இருந்த ஒரு பெண். பின்னால் தோளில் துண்டோடு வீரையன்.

இராஜாங்கம் தூணைப் பிடித்துக்கொண்டார்.

மங்களாம்பிகை ஸ்டாண்ட் போட்டு, நிதானமாக ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகத்தில் ஹெல்மெட் மறைத்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அதில் கோபம் தெளிவாகத் தெரிந்தது.

"நான் ஓடிப்போன அன்னிக்கு, தங்கச்சி செத்துட்டான்னு ஊரைக் கூட்டி ஒரு தடவை தலைமுழுகினீங்க. இன்னிக்கு ரெண்டாவது தடவை. ரெண்டு தடவையும் நான் உயிரோடதான் இருந்தேன். ஒரு தடவையாவது விசாரிச்சிட்டு முழுகக் கூடாதாண்ணே?"

இராஜாங்கம் ஈரத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீரையன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"உங்க முன்னாடி எங்கப்பா இதை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் நின்னாரு. இந்தாங்க. தலையைத் துவட்டிக்கங்க."

துண்டை வாங்க இராஜாங்கத்தின் கை வரவில்லை. வீரையன் அதை உதறி மறுபடி தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

முகூர்த்தம் தவறிவிடப் போகிறதே என்று குருக்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கல்யாணம் நாளைக்குக் கூட ஆகும் சாமி. ரிஜிஸ்தர் ஆபீஸ் இன்னிக்குத்தான்" என்ற மங்களாம்பிகை மறுபடி ஸ்கூட்டரில் ஏறினாள். "ஏறுங்க, ஒன்பது வீடும் காத்துக் கெடக்கு."

ஸ்கூட்டர் தெரு முனையில் திரும்பி மறைந்தது.

ஜீப்பின் பின் கதவைத் திறந்து பிடித்தாள் ஜன்னத் பீவி. இராஜாங்கம் படியில் கால் வைக்காமல் தயங்கி நின்றார்.

"ஏறுங்க சார். ஜெயிலுக்குத் தீட்டெல்லாம் கிடையாது. தாராளமா உள்ள போகலாம்."