சாவியின் தட்டு

அந்தப் பேருந்து வந்து நின்றபோது நான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். பழைய கோயில்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குத் தூக்கமே கிடையாதோ என்னவோ! முதலில் எங்கள் ஜெபக்கூடம், அப்புறம் மலைமேல் இருக்கும் மரத் தேவாலயம், மதியத்துக்குள் அடுத்த ஊர். கடனே என்று பார்த்துவிட்டு ஓடுகிற கூட்டம்.

ஜெபக்கூடம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. சாவி என் கணவர் செலிக்கிடம் இருக்கும். எங்கள் மரமுரேஷ் மலைநாட்டில் மிஞ்சியிருக்கும் சில யூதர்களில் அதைத் திறந்து மூட அவரை விட்டால் ஆளில்லை.

திறக்க ஒரு முறை உண்டு. இரவில் எங்கள் இறந்தவர்கள் உள்ளே கூடித் தொழுவார்கள். அதனால் காலையில் இரும்புச் சாவியாலேயே கதவைத் தட்டவேண்டும். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்துதான் திறக்கவேண்டும். செலிக்கின் அப்பா வொல்ஃபும் சாகும்வரை அப்படித்தான் திறந்தார்.

அன்று செலிக் சாவியை ஓங்கியபோது, கூட்டத்தைக் கூட்டிவந்த ஒவிடியு சிரித்துவிட்டான்.

"உள்ள யாரு பெரியவரே தூங்குறா? காலங்காத்தால எழுப்பறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். செலிக்கின் காது சிவந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருகினார்.

தட்டவில்லை.

கதவு திறந்ததும் அணைந்த மெழுகுத்திரியின் வாசனை தெருவைத் தாண்டி வந்தது. அங்கே திரி ஏற்றி எத்தனையோ வாரமாகியிருந்தது. அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செலிக் வீட்டுக்குள் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"என்னைக் கூப்பிட்டாங்க, ரெகினா."

"யாரு, அந்த பஸ்காரனுங்களா?"

"உள்ள இருந்தவங்க. வேதம் வாசிக்க. 'வொல்ஃபோட மகன் செலிக், எழுந்து வா'ன்னு." குரல் இறங்கியது. "எங்கப்பா குரல்தான் அது."

இறந்தவர்கள் பெயர் சொல்லி அழைத்தால் போய்த்தான் ஆகவேண்டும். அது எங்களில் எல்லோருக்கும் தெரியும். அன்றே அவர் படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. விளக்கில் எண்ணெய் குறைவதுபோல ஆள் குறைந்துகொண்டே வந்தார். வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். தொழுகை நடத்துகிற அவ்ரமிடம் ஓடினேன்.

"பேரை மாத்திடுவோம்" என்றார் அவ்ரம். "அவங்க கூப்பிட்டது செலிக்கை. செலிக்னு ஒருத்தன் இந்த ஊர்லயே இல்லன்னு ஆக்கிடுவோம். ஆனா உன் நாக்கு இருக்கே, அதுதான் எனக்கு பயம். தப்பித்தவறிகூட பழைய பேரைச் சொல்லிடாத."

அவ்ரமும் இன்னும் சிலரும் கட்டிலைச் சுற்றி நின்று வேதத்துச் சங்கீதங்களை வாசித்து, ஆல்தெர் என்று புதுப்பெயர் வைத்தார்கள். கிழவன் என்று அர்த்தம். கிழவனாகும்வரை இருக்கட்டும் என்ற ஆசையில் வைப்பது.

மறுநாள் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். நான் அடுப்படியில் போய் ஓவென்று அழுதேன். எனக்கு அவர் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

"பொருத்தமான பேருதான் கிழவா" என்றேன்.

"உனக்கும் ஒண்ணு பாக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

அதற்கப்புறம் யாரும் ஜெபக்கூடத்தைத் திறக்கவில்லை. சாவி எங்கள் சமையலறை ஆணியிலேயே தொங்கியது. எனக்கோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆல்தெர், ஆல்தெர் என்று முணுமுணுத்தபடியே பாத்திரம் கழுவினேன், கோழிக்குத் தீனி போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து பழகிய நாக்கு, சொன்னால் கேட்கவேண்டுமே.

இலையுதிர் காலத்தில் ஒரு சாயங்காலம். வாசல் கொடியில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. காற்று ஒரு போர்வையைச் சேற்றில் இழுத்துப்போட்டது. எரிச்சலில் கத்தினேன்.

"செலிக்! இங்க வந்து ஒரு கை பிடியேன்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது.

சமையலறை ஜன்னலில் என் கணவர் முகம் தெரிந்தது. கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. வாய் திறக்கவே இல்லை.

பதில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

"இதோ வந்துட்டேன், ரெகினா."

அவருடைய குரல். பூட்டிய ஜெபக்கூடத்துக்குள்ளிருந்து.

போர்வைகளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டேன். அவரைக் கட்டிக்கொண்டேன். உடம்பு சூடாக இருந்தது, உயிரோடு இருந்தது. "நீ ஆல்தெர், நீ ஆல்தெர்" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தெருவில் சேற்றை மிதித்து யாரோ நிதானமாக வந்தார்கள். அணைந்த மெழுகுத்திரியின் வாசனை அடித்தது.

கதவில் இரும்பு பட்டது.

இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

நிமிர்ந்து பார்த்தேன். சாவி ஆணியிலேயேதான் இருந்தது.

"திறக்க மாட்டேன்" என்று கிசுகிசுத்தேன். "சத்தியமா திறக்க மாட்டேன்."

வெளியே இருந்தது கதவைத் தள்ளவில்லை, மறுபடி தட்டவும் இல்லை. உள்ளே இருக்கிறவர் எழுந்து போக அவகாசம் கொடுத்துக் காத்திருந்தது.

முறை தெரிந்த மனிதர் என் கணவர். என் கையை மெல்ல விலக்கினார். உருளைக்கிழங்கை மேசைமேல் வைத்துவிட்டு, தன் தொப்பியை எடுத்தார்.