இழுபடும் பசை

ஆய்வுக்கூட இயக்குநரின் அறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தரையில் அவர். மார்பெல்லாம் ரத்தம். பக்கத்தில், பன்றி நுரையீரலை அறுத்துப் பார்க்க அவள் வைத்திருந்த கத்தி!

அவர் மூச்சு விடும்போதெல்லாம் விலாவில் ரத்தம் நுரைத்தது. நுரையீரலில் ஓட்டை.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். நெரிசல், தாமதமாகும் என்றார்கள். அதற்குள் ஆள் போய்விடுவார்...

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'பசை'தான். புரதத்தில் அவள் உருவாக்கிய பசை ஈரத்திலும் ஒட்டும். ஊதா வெளிச்சம் பட்டால் இறுகும். மூச்சுக்கு ஏற்ப ரப்பராய் விரிந்து சுருங்கும்.

ஆனால் பன்றிகளுக்கு மட்டுமே போட்டிருக்கிறாள். மனிதருக்குப் போட அனுமதி இல்லை.

போட்டாள். காயத்துக்குள் செலுத்தி, மேலேயும் பூசி, விளக்கைக் காட்டினாள்.

நுரை நின்றது. அவர் பிழைத்தார்.

மறுநாள் கண் விழித்ததும் முதல் வேலையாக, தன்னைக் குத்தியது அவள்தான் என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்ஸ்பெக்டர், முந்தின நாள் அவளுக்கும் இயக்குநருக்கும் நடந்த சண்டையைப் பற்றிக் கேட்டார். அவள் மறைக்கவில்லை. பசையைத் தன் கண்டுபிடிப்பாகவே பதிவு செய்ய இயக்குநர் பார்த்தார், அதனால் கத்தினேன் என்றாள்.

"கத்தி உங்களோடது. கைரேகையும் உங்களோடதுதாம்மா."

"குத்தினவ எதுக்கு சார் ஒட்டப் போறா?"

"பயத்துல ஒட்டியிருக்கலாம்..."



கதவு திறந்தது. டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் அதை அவர் பிரிக்கவே இல்லையாம். கண்ணாடி போன்ற அந்தப் படலத்தின் அடியில், குத்துக்காயத்தை ஒட்டி, சின்னச் சின்னதாய்ச் சில கீறல்கள். கலையாமல் அப்படியே!

"குத்த வர்றவன் ஒத்திகை பார்க்க மாட்டான்," என்றார் டாக்டர். "தன்னைத்தானே குத்திக்கிறவன்தான் இப்படித் தயங்கித் தயங்கிக் கீறிப்பான்."

கட்டிலில் இயக்குநரின் முகம் வெளிறியது.

கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தார். பிறகு உண்மை வந்தது. லேசாகக் கீறிக்கொண்டு அவளை உள்ளே தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கைக்குட்டையால் கத்தியைப் பிடித்து, கண்ணை மூடி அழுத்தியதில் ஆழமாக இறங்கிவிட்டது.

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மேல்மூச்சு வாங்கியது.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குனிந்து காயத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"நல்லாவே மூச்சு விடுங்க சார். எவ்வளவு இழுத்தாலும் பசை தாங்கும்... உங்க கதைதான் தாங்கல."