டயருக்குள் விழாத நூல்

"ஐயோ... ஏனுங்க! பின்னாடி ஆளு வர்றது தெரியாதுங்களா?"

செல்வப்பிரியா திரும்பிப் பார்த்தாள். அவள் வீசிய தூண்டில் நூல் பின்னால் வந்தவன் குடையில் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. நுனியில் கொக்கிக்குப் பதில் கட்டியிருந்த சிவப்புக் கம்பளித் துணுக்கு அவன் மூக்குக்கு நேரே ஆடியது.

"பழகுற இடத்துல குடையோட யாரு வரச் சொன்னது? போர்டு பாக்கலையா?"

"பாத்தனுங்க. மீன் பிடிக்கச் சொல்லித் தருவோம்னுதான் எழுதியிருக்குது. ஆளையும் பிடிப்பீங்கன்னு போடலீங்களே!"

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். மழை சொட்டும் அந்த இமைகள்... அதற்குள் சிரிக்கிற கண்கள்... சே, என்ன பார்வை இது!

சிவப்பிரகாஷுக்குப் பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு. நண்பன் கல்யாணத்துக்கு மூணாறு வந்தவன், மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதால் ஏரிக்கரை லாட்ஜில் மாட்டிக்கொண்டான். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த செல்வப்பிரியா அந்த லாட்ஜில், குளிர்ந்த மலையோடைகளில் வாழும் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் வீசப் பழக்குபவள். பொழுது போகட்டுமே என்று அவனும் சேர்ந்துகொண்டான்.

"இதுல ஈயக் குண்டு கிடையாது சார். இறகுல கட்டுன பூச்சிதான், கனமே இருக்காது. நூலோட கனத்தைத்தான் வீசணும். அதனால எல்லாமே கோலைப் பிடிக்கிற விதத்துல இருக்கு. புல்லுல கிடக்குற அந்தப் பழைய டயருக்குள்ள நுனி விழுந்துட்டா, எங்க கைடு ரிஜின் அண்ணன் உங்கள மீன் பிடிக்க ஓடைக்குக் கூட்டிட்டுப் போவாரு. எங்கிட்ட பாடம் அத்தோட முடிஞ்சுது."

முதல் வீச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டு அளவுக்கு மீறிப் பின்னால் ஒடிந்து மடங்குகிறது. இந்தக் கைக்கு ஆள்காட்டி விரல்தான் கோலின் மேல் நீள வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்...

"சரிங்களா டீச்சரு?" என்று அவன் திரும்பிச் சிரித்தான்.

சொல்லிவிட்டால் நாளைக்கே ஓடைக்குப் போய்விடுவான். பாதை திறந்தால் ஊருக்கும்...

"கட்டைவிரல மேல வைங்க," என்றாள்.

நூல் டயருக்குள் விழவில்லை. மறுநாளும் விழவில்லை.

"மாட்டுக் கயிறு மாதிரி இறுக்காதீங்க சார்!"

"எங்கூட்டு மாடு இதவிடச் சொன்ன பேச்சு கேக்குமுங்க!"

"கட்டைவிரலக் கொஞ்சம் சாய்ச்சு... இப்படி..." அவன் விரலைத் தொட்டு நகர்த்தியவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் இருவரும் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு டீச்சரா?' என்று மனசு திட்டியது.

பாதை திறந்த அன்று காலை, லாட்ஜில் தங்கியிருந்த கோயம்புத்தூர்க்காரர் சாந்தம்மாள் என்ற அம்மாள் புதிதாகப் பழக வந்திருந்தார். சிவப்பிரகாஷ் விடைபெறப் பையோடு வந்து பின்னால் நின்றதைச் செல்வப்பிரியா கவனிக்கவில்லை.

"மணிக்கட்டு ஒடியுதாம்மா? ஆள்காட்டி விரல மேல நீட்டுங்க. அந்த விரலே மணிக்கட்டக் கட்டிப் போட்டுரும்."

"அந்தக் கோல இப்பிடிக் குடுங்க..."

அவன் குரல்! கோலை வாங்கினான். விரலை நீட்டி வீசினான். சிவப்புத் துணுக்கு டயரின் நடுவில் மெல்ல இறங்கியது.

"எங் கையும் ஒடியுதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்களா?"

அவள் தலை குனிந்தது.

"பட்டிக்காட்டான்னு வெச்சு வேடிக்கை பாத்திருக்கீங்க... நல்லா இருங்க." கோலைப் புல்லில் வைத்துவிட்டு நடந்தான்.

"நின்னுட்டே இருக்கியே கண்ணு! ஓடு!" என்றார் சாந்தம்மாள்.

மழை வலுத்துவிட்டது. ஜீப்பில் கால் வைத்தவனை ஓடிப்போய் மறித்தாள்.

"வேடிக்கை பாக்கல. சத்தியமா இல்ல."

"அப்பறம் எதுக்குங்க?"

"டயருல விழுந்துட்டா... போயிருவீங்க."

"போனா?"

"போனா..." ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு அந்தப் புல்லுல யாரு வந்து நின்னாலும் எனக்கு ஆளில்லாத மாதிரிதான் இருக்கும். தப்பாச் சொல்லிக் குடுத்தது தப்புத்தான். திட்டிட்டுப் போங்க. ஆனா கேலின்னு மட்டும் நினைச்சுட்டுப் போகாதீங்க."

அவன் கோபம் எங்கே போனதோ... ஜீப்பிலிருந்து காலை எடுத்தான். குடையை விரித்து அவள் தலைக்கு மேல் நீட்டினான்.

"ஊட்டுல எங்கம்மா கேப்பாங்களே, பொண்ணு எப்பிடின்னு. என்னன்னு சொல்றதுங்க?"

"பொய்க்காரின்னு சொல்லுங்க."

"சொல்லிப் போடறேன். கட்டுனா அந்தப் பொய்க்காரியத்தான் கட்டுவேன்னும் சொல்றனுங்க. இப்ப உண்மையச் சொல்லுங்க டீச்சரு... அடுத்த வாரம் அம்மாவக் கூட்டிட்டு நான் வரட்டுங்களா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வாங்க... வராட்டி நானே எருத்தேன்பதிக்கு வந்துருவேன்."