பின்னால் பிடித்த வெளிச்சம்

“மாமா, தல தெரியுது. இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க” என்று ஜெப்சன் கேமராவுக்குப் பின்னால் நின்று சொன்னபோது ஞானையன் ஏற்கெனவே குத்தவைத்துத்தான் இருந்தார். முப்பது வருஷம் சந்தையில் வாழைக்குலை சுமந்து, கழுத்து முன்பக்கமாக வளைந்துபோன மனுஷன். எழுந்து நின்றாலே மகள் லிஜாவின் தோளுக்கு மேல் அவர் தலை வராது. ஆனாலும் படம் எடுக்கிறவனுக்குத் தெரியாதா என்று நினைத்து, தாடை முட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துகொண்டார்.

லிஜாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். மாப்பிள்ளை சுனில் கத்தாரில் இருக்கிறான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் லீவு. அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க அவளுடைய படம் வேண்டும், அதுவும் ராத்திரியில், பின்னால் மின்சாரக் காற்றாடிகளின் சிவப்பு லைட்டு தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தான். பிள்ளையைப் படக்காரனோடு தனியே ஆரல்வாய்மொழிப் பொட்டலுக்கு அனுப்ப ஞானையனுக்கு மனசு வரவில்லை. காவலுக்கு என்று வந்தவர் கையில் ஜெப்சன் ஒரு கம்பைக் கொடுத்தான். கம்பின் நுனியில் ஃப்ளாஷ். முன்னால் குடை மாட்டிய இன்னொன்று ஸ்டாண்டில் நின்றது. அவர் மகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அவள் முடியிலும் தலையில் மாட்டிய நீள நெட்டுத்துணியிலும் வெளிச்சம் விழும்படி கம்பைப் பிடிக்க வேண்டும். எவ்வளவு வெளிச்சம் என்பதை அவன் கேமராவில் இருந்தே கூட்டிக் குறைத்துக்கொள்வான். அவர் படத்தில் வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு தடவை ஃப்ளாஷ் மின்னல் மாதிரி வெட்டி அணையும்போதும் கண்ணுக்குள் பச்சையாக ஒரு திட்டு மிதந்தது, அது மறுபடி சார்ஜ் ஏறுகிற சத்தம் கொசு மாதிரி காதோரம் நீண்டது, அந்த நாலைந்து நொடியும் மகள் போட்டிருந்த வெள்ளைக் கவுன்கூடத் தெரியாத இருட்டு, தலைக்கு மேலே எங்கேயோ காற்றாடி இறக்கை ஒவ்வொன்றாக இருட்டை அறுத்துக்கொண்டு இறங்குகிற சத்தம், அதற்கு நடுவில் பக்கத்தில் எங்கும் வாழையே இல்லாத அந்தக் கல்லுத்தரையில் அழுகின வாழைத்தண்டின் வாடை.

“மாமா, கல்யாணப்பொண்ணு நீங்களா? நிமிந்து நிமிந்து போஸ் குடுக்கியளே.”

“குத்தவச்சுதாம்லா இருக்கேன், மக்கா.”

லிஜா சிரித்தாள். ஞானையனுக்குக் கூச்சமாகப் போயிற்று. கம்பை முன்னால் நீட்டிப் பிடித்தபடி தரையில் குப்புறப் படுத்துவிட்டார். சரளைக்கல் நெஞ்சில் குத்தியது. முதுகில் கனம் ஏறிற்று. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கனம் இல்லாத நாள் அந்த முதுகுக்கு ஏது? ராத்திரியானால் இறக்கி வைத்த குலைகூட மேலே கிடக்கிற மாதிரிதான் இருக்கும்.

வெட்டியது. அணைந்தது.

“தல இப்பவும் நிக்குது, மாமா. கைய வேற அவ இடுப்புல வச்சிருக்கிய. கைய எடுங்க.”

அவருடைய இரண்டு கையும் கம்பில் இருந்தன.

“அப்பா, கழுத்துல ஊதாதீங்க. கூசுது.”

ஞானையன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். காத்தாக இருக்கும். அவளிடம் ஏதாவது சொன்னால் பயந்துவிடுவாள். ஒன்றும் இல்லையென்று ஆனால், கல்யாணம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். படத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவோம், பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம் என்று முடிவு செய்தார். கம்பைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். சிரமமே இல்லாமல் எழ முடிந்தது. முதுகில் கனம் இறங்கியிருந்தது, முட்டுகூட வலிக்கவில்லை. இருட்டில் லிஜாவைச் சுற்றிக்கொண்டு இருபது அடி வைத்து நடந்து ஜெப்சன் பக்கம் போனார்.

அவரைப் பக்கத்தில் கண்டதும் ஜெப்சன் திடுக்கிட்டான். அவரைப் பார்த்தான், அவர் வந்த திசையைப் பார்த்தான். பிறகு கேமராவின் சின்னத் திரையைக் காட்டினான்.

லிஜா சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் காலுக்குப் பின்னால் தரையில் ஒரு கருப்பு மூட்டை. அது துணி என்று நினைத்தேன் என்றான் ஜெப்சன். விரலால் பெரிதாக்கினான். மூட்டை இல்லை. ஞானையன். குப்புறக் கிடந்த ஞானையனின் முதுகில் இரண்டு பாதங்கள். செருப்பில்லாத, நீளமான பாதங்கள். அதற்கு மேலே ஒரு ஆள். நிமிர்ந்து நின்றது. முகம் லிஜாவின் தலைக்குப் பின்னால். இரண்டு கையும் முன்னால் வந்து அவள் இடுப்பில் கோத்திருந்தன.

ஜெப்சன் லிஜாவைக் கூப்பிட்டான், இந்தப் பக்கம் வா என்று.

இருட்டில் இருந்து லிஜா சொன்னாள்: “எப்பிடி வர? அப்பா புடிச்சிட்டுல்லா நிக்காங்க.”

ஞானையன் ஓடினார்.

வெட்டியது. கல்லில் சாய்த்து வைத்த வெளிச்சம் தரையில் இல்லை. உயரத்தில் இருந்து வந்தது. அவள் தலைக்கு மேலே இருந்து.

பச்சைத் திட்டு. கொசுச் சத்தம். இருபது அடி. முப்பது அடி. கை நீட்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் நின்ற இடத்தில் செருப்பு மட்டும் காலில் இடறியது.

“நான் அமுக்கல மாமா” என்று பின்னால் ஜெப்சன் அழுதான். “நான் அமுக்கல.”

வெட்டியது. தூரத்தில். காற்றாடியின் தூணடியில். வெள்ளைக் கவுன். முகம் இந்தப் பக்கம்.

இருட்டு.

மறுபடி. தூணில் பாதி உயரத்தில். காற்றில் விரிந்த நெட்டுத்துணி. அந்தரத்தில் தொங்குகிற இரண்டு வெறுங்கால்.

அவ்வளவு உயரத்தில் இருந்து பயமே இல்லாமல், சலிப்போடு, மகளின் குரல் இறங்கி வந்தது.

“அப்பா, போதும். எறக்கி விடுங்க.”