மூன்றுக்கும் ஒரே நியூட்ரல்

"அந்த வயரு தானா கழண்டுச்சுன்னு எத்தனை தடவ சொல்..."

"தானா கழண்ட வயரோட நட்டு உங்க சட்டைப் பையில எப்படி மாமா வந்துச்சு? துவைக்கறப்போ கிடைச்சுதுன்னு அக்காதான் கொண்டாந்து கொடுத்தாங்க."

"அவளுக்கு வாய் சும்மா இருக்காது."

"அவங்கள விடுங்க. உங்க தம்பி செத்த இழைப்பு மெஷின் மேல கை வச்சு, 'நான் கழட்டல'ன்னு சொல்லுங்க. பட்டறையில என் பங்கையும் உங்களுக்கே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். தம்பி மனைவி சிரித்தாள்.

"உண்மைய சொல்றவருக்கு கரன்ட்டு மேல ஏன் இவ்வளவு பயம்?"

மரப் பட்டறைக்கு மூன்று ஃபேஸ் வந்தாலும் உள்ளே இருந்தவை எல்லாம் சிங்கிள் ஃபேஸ் மெஷின்கள். மெஷினுக்கொரு ஃபேஸ்; கரன்ட் திரும்பிப் போக மூன்றுக்கும் ஒரே நியூட்ரல். எர்த் போடச் சோம்பல்பட்டு, மெஷின்களின் இரும்பு உடம்பையும் அந்த வயரிலேயே முடிந்துவைத்தவர் அவர். அது கழன்றால் இரும்பெல்லாம் கரன்ட் என்று அவருக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது.

மெஷினை நெருங்கினார். மழை ஈரத்தில் ஊறிய மரத்தூள் வாடையோடு கருகிய முடியின் வாடையும் கலந்து வர, அதற்கும் அடியில், முதலில் டப்பாவில் அடைபட்ட வண்டு போலவும் பிறகு யாரோ வாய்மூடி முனகுவது போலவும், ஒரு ரீங்காரம் தரையிலிருந்து அவர் செருப்புக்குள் ஏறியது.

"கேக்குதாம்மா?"

"மழைதான் கேக்குது. வைங்க மாமா."

அவள் ஷட்டரடியில் முதுகைக் காட்டி நின்றாள்.

தலைக்கு மேல் பல்புகள் எரிந்தன. மெயினைத் திரும்பிப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. ஒரு பல்பு சிவந்து மங்கியது. பக்கத்தது கண் கூச வெளுத்தது. நியூட்ரல் கழன்ற பட்டறையில் அப்படித்தான் எரியும்.

கையைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. இரும்பை நோக்கி இறங்கியது. தானாக.

மெயின் போர்டின் தகரக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விரல்கள். கருகியவை. நியூட்ரல் வயரின் நுனியை இடம்விட்டு விலக்கிப் பிடித்திருந்தன. அவசரமே இல்லாமல்.



"வைங்கண்ணே. வயர நான் புடிச்சுக்கிட்டிருக்கேன்."