ஐந்து என்றால் சுமை

விடியற்காலையில் எடுத்த படத்தில், குளிர்ந்த மண்ணைவிடக் குளிர்ந்த ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது.

இவெரென் கண்ணாடியைக் கழற்றி, இடுப்புத் துணியின் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். வெப்பக் கேமராவின் படத்தில் சூடானதெல்லாம் வெள்ளை, குளிர்ந்ததெல்லாம் கறுப்பு. மாடு வெள்ளை. மனிதன் வெள்ளை. பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மாட்டன் குளிர்காற்றில் இரவெல்லாம் விறைத்துக் கிடந்த மண் சாம்பல் நிறம். அதனால்தான் இந்தக் கம்பெனியின் ட்ரோன்கள் சூரியன் ஏறுவதற்கு முன்பே பறந்துவிடும். உயிருள்ளது எது என்று அப்போதுதான் பளிச்சென்று தெரியும். ஆனால் இந்த நெல் வயலின் ஓரத்தில் நகக்கண் அளவில் ஒரு கறுப்பு. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. எறும்புச் சாரிபோல ஒரே வரிசையில் நகர்ந்தன.

"தெர்வாசே! இங்க வாடா. லென்ஸைத் துடைச்சியா இல்லையா?"

ட்ரோனை ஓட்டும் தெர்வாசே நிலக்கடலையை மென்றபடி உள்ளே வந்தான். கப்பல் சரக்குப் பெட்டியை வெட்டிச் செய்த அறை அது. கதவைத் திறந்ததும் செம்மண் புழுதி அவனோடு உள்ளே புகுந்தது.

"என் மூஞ்சியக் கழுவுறதுக்கு முன்னாடி அதோட மூஞ்சியத்தான் கழுவுறேன், அக்கா."

"அப்ப இது என்ன?"

அவன் குனிந்து பார்த்தான். "கொக்கா இருக்கும்."

"கொக்குக்கு உடம்புல சூடு கிடையாதா?"

"செத்த கொக்கு."

"செத்த கொக்கு வரிசைல நடக்குமா?"

"நம்ம ஊர்ல எது நடக்கலன்னு சொல்லுங்க." அவன் சிரித்துவிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அது இருக்கட்டும், நீங்க ஏன் ஆடிக்கிட்டே நிக்கிறீங்க? கொழந்தையத் தூங்க வைக்கிற மாதிரி."

இவெரென் தன் கால்களைப் பார்த்தாள். ஆடிக்கொண்டுதான் இருந்தாள். இந்தக் கால், அந்தக் கால் என்று மெல்ல எடை மாற்றி. நிறுத்தினாள். "முதுகு வலிடா" என்றாள். பொய்யில்லை. சில வாரங்களாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஈரத்துணி ஒட்டினாற்போல ஒரு சில்லிப்பு. கணவன் தினமும் ஷியா கொட்டை வெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடுகிறான். காலையில் அந்த இடம் மறுபடி சில்லிட்டிருக்கிறது.

அவளுடைய வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். ட்ரோன் கொண்டுவரும் படத்தில் தெரியும் ஒவ்வொன்றையும் கட்டமிட்டு, அது என்னவென்று ஒரு விசையை அழுத்த வேண்டும். ஒன்று என்றால் மனிதன். இரண்டு மாடு. மூன்று மண்மேடு. நான்கு மரம். ஐந்து சுமை. ஆறு ஆயுதம். அவள் ஆயிரம் முறை காட்டிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து இயந்திரம் தானாகவே கற்றுக்கொள்ளும். கோப்புகள் இரண்டு வகை. நெல் பண்ணை, மாந்தோப்பு, தொலைபேசிக் கோபுரம் எல்லாம் வெள்ளைக் கோப்பு. சீருடைக்காரர்கள் தருவது பச்சைக் கோப்பு. வாடிக்கையாளர்கள் வேறு வேறு ஆட்கள். கற்றுக்கொள்ளும் கண் ஒன்றுதான். வெள்ளைக் கோப்பில் சந்தேகம் வந்தால் மூன்றை அழுத்திவிட்டுப் போகலாம், மண்மேட்டால் யாருக்கும் கேடில்லை. பச்சைக் கோப்பில் சந்தேகம் வந்தால் ஆறு. அது முதலாளி சொன்னது.

அந்தக் கறுப்புகளுக்கு விசை இல்லை. மூன்றை அழுத்தினாள்.

மறுநாள் வந்தது ஒரு தொலைபேசிக் கோபுரத்தின் படம். பெனுவே ஆற்றுக்கு இந்தப் பக்கம், நெல் வயலைவிட ஊருக்குக் கிட்டத்தில். கோபுரத்தின் அடியில் காவல்காரனும் அவன் நாயும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அவர்களைக் கடந்து, கைக்கெட்டும் தூரத்தில், பத்துக் கறுப்புகள் போய்க்கொண்டிருந்தன. காவல்காரன் திரும்பவில்லை. நாய் மட்டும் தரையோடு தரையாய்ப் படுத்திருந்தது. சாதாரணக் கேமராவின் படத்தை எடுத்துப் பார்த்தாள். அதே நேரம், அதே இடம். காவல்காரன், நாய், காய்ந்த புல். வேறு யாருமில்லை.

வெப்பப் படத்துக்குத் திரும்பிப் பெரிதாக்கினாள். ஒவ்வொன்றின் தோளிலும் நீளமாய் ஒன்று சாய்ந்திருந்தது. அந்த நடை. வேலை முடிந்து, முழங்கால் தளர்ந்து, அவசரமில்லாமல் வீடு திரும்புகிறவர்களின் நடை.

அறைக்குள் புதிதாய்த் தோண்டிய வள்ளிக்கிழங்கின் வாசனை அடித்தது. மண்ணும் பாலும் கலந்த அந்தப் பச்சை வாசனை. மூடிய அறை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்த நடையைத் தெரியும். போன வறட்சிக் காலத்தில், ஒரு பச்சைக் கோப்பில், இதே நடையைப் பார்த்திருக்கிறாள். அன்று அவர்கள் வெள்ளையாக இருந்தார்கள். அந்திநேரத்து ஆற்றங்கரையில் ஒரே வரிசையில் பத்து வெள்ளை உருவங்கள், தோளில் நீளமான ஏதோ. முதலாளி ஓர்குமா அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சீருடைக்காரர்கள் அவளுடைய குறிக்காகக் காத்திருந்தார்கள். மண்வெட்டியாக இருக்கலாம், கிழங்கு தோண்டும் கழியாக இருக்கலாம் என்று அவள் வாய்வரை வந்தது. ஆறு, ஆறு, ஆறு என்று பத்து முறை அழுத்தினாள். வரிசையில் நான்காவது ஆளின் முதுகு உப்பியிருந்தது. அதை மட்டும் தனியாகக் கட்டமிட்டு ஐந்தை அழுத்தினாள். சுமை.

மூன்று பிள்ளைகளை முதுகில் கட்டி வளர்த்தவள் அவள். துணிக்குள் சுருண்டு தூங்கும் பிள்ளை மேலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

மறுநாள் வானொலியில், ஆற்றங்கரையில் செத்தது பதினோரு பேர் என்றார்கள். அவள் பத்துத்தான் எண்ணியிருந்தாள்.

இப்போது திரையில் நான்காவது கறுப்பைத் தேடினாள். அதன் முதுகு தட்டையாக இருந்தது. நடந்துகொண்டே அதன் ஒரு கை பின்னால் போனது. தடவியது. முன்னால் வந்தது. மறுபடி பின்னால் போனது.

புதன்கிழமை மாந்தோப்பு. ஊர் எல்லையில் இருக்கிறது. அங்கேயும் பத்துப் பேர். அவள் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் மூன்று ஊசிகளைக் குத்தினாள். ஆற்றங்கரையில் ஒரு ஊசி குத்தி நான்கையும் நூலால் இணைத்தாள். கோணலே இல்லை. மிச்ச நூலை இழுத்தபோது அது கம்பெனியின் வாசலில் வந்து நின்றது.

அன்று மதியம் முதலாளியின் அறைக்குப் போனாள். ஓகா என்றுதான் எல்லோரும் அவரை அழைப்பார்கள். இடித்த வள்ளிக்கிழங்கை எள்ளுக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"வா, இவெரென். கை கழுவிட்டு உக்காரு, சாப்பிடு."

"பசிக்கல ஓகா. நாளைக்கு நான் கையெழுத்துப் போடணுமே, அந்தத் தாள்…"

"அது ஒரு வரி. 'எல்லாக் குறியும் மனுசக் கண்ணால பாத்து ஒப்புக்கிட்டது.' உன் கண்ணுதானே? போட்டுடு. நாளைக்குச் சாயங்காலம் முற்றத்துல ட்ரோன ஒத்திகை பாக்கறோம், நாளான்னைக்கு சீருடைக்காரங்க வந்து எடுத்துக்கறாங்க. அதுக்கப்புறம் அதுவே பாக்கும், அதுவே முடிவு பண்ணும், அதுவே இறங்கி அடிக்கும். நடுவுல ஒரு ஆள் உக்காந்து 'ஆமா'ன்னு சொல்ற வேலையே இல்ல."

"அதுதான் பயமா இருக்கு. அந்த ஆத்தங்கரைப் படத்துல நான் போட்ட குறிய எடுத்துடணும். அதப் பாத்தும் அது கத்துக்கிட்டிருக்கு. மம்பட்டி தூக்கிட்டு வர்றவங்கள எல்லாம் அது ஆறுன்னுதான் சொல்லும். நம்ம ஊர்ல மம்பட்டி தூக்காதவங்க யாரு ஓகா?"

அவர் உருண்டையை விழுங்கினார். "அதத் தொட்டா, ஏன் தொட்டீங்கன்னு கேப்பாங்க. அந்தக் குறிக்குக் கீழ யாரு பேரு இருக்கு? என் பேரா?"

"சந்தேகம்னா ஆறுன்னு சொன்னது நீங்கதானே?"

"நான் வாயால சொன்னேன்மா." விரலை நக்கிக்கொண்டார். "நீ விரலால அழுத்தின."

வியாழக்கிழமை காலை அவள் கையெழுத்துப் போட்டாள். நீங்கள் அவளை வைய வேண்டாம். தன் பெயரை ஒரு குற்றத்தின் கீழே பார்த்தவளுக்குக் கை இப்படித்தான் போகும். பேனாவை வைத்ததும் முதுகில் இருந்த சில்லிப்பு மெல்ல அசைந்து, வசதியாக ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது.

அன்று விடிகாலைப் படங்களில் ஒரு கறுப்புகூட இல்லை. எந்தத் தோப்பிலும் இல்லை, எந்த வயலிலும் இல்லை. அவள் மூன்று முறை தேடினாள்.

சாயங்காலம் ஒத்திகை. காற்று நின்றுவிட்டது. புழுதி மட்டும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது, சூரியன் அதற்குள் வெளுத்த முட்டை ஓடுபோலத் தெரிந்தது. மறுநாள் வரப்போகும் விருந்தாளிகளுக்காகப் பந்தலின் கீழே பெரிய திரையை வைத்திருந்தார்கள். ஓகா சாப்பாட்டுக்குச் சொல்ல வெளியே போயிருந்தார். முற்றத்தில் இவெரெனும் தெர்வாசேயும் மட்டும்.

"அக்கா, இந்த ஏரியல் கம்பியத் தோள்ல சாச்சுக்கிட்டு அந்த வெள்ளைக் கோட்டுக்கிட்ட நில்லுங்க. அசையாதீங்க, சிக்னல் போயிடும்."

"எனக்கு இது பிடிக்கல, தெர்வாசே."

"நின்னா போதும். சிரிக்க வேண்டாம், கேமரா உங்க பல்லயெல்லாம் பாக்காது."

நான்கு இறக்கைகளும் சுழன்றன. தேனீக்கூட்டம் காதுக்குள் புகுந்ததுபோல அந்த ரீங்காரம் எழும்பி, உயர்ந்து, தலைக்கு நேர் மேலே போய் நிலைத்தது. புழுதி வட்டமாய் விலகியது. திரையில் முற்றம் தெரிந்தது. சாம்பல் நிறத் தரை. பந்தலின் வெளிறிய சதுரம். அதன் விளிம்பில் தெர்வாசேயின் வெள்ளைத் தலை. நடுவில் அவள், வெள்ளையாய், தோளில் நீளமான கம்பியோடு.

அவளைச் சுற்றிப் பத்துக் கறுப்புகள்.

"தெர்வாசே."

"அசையாதீங்கன்னேன்ல! பேட்டரியப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவன் கையிலிருந்த கருவியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். திரையைப் பார்க்கவில்லை. அவள் முற்றத்தைப் பார்த்தாள். காலி முற்றம். புழுதி. ஒரு செருப்பு. திரையைப் பார்த்தாள். வட்டமாய் நின்றார்கள். தோளில் மண்வெட்டிகள்.

கிழங்கு வாசனை. ஈர மண். பால்.

எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். பத்து. அப்போதுதான் தன்னுடைய வெள்ளை உருவத்தைச் சரியாகப் பார்த்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவில், துணிக்குள் சுருண்டதுபோல, சின்னதாய் ஒரு கறுப்பு. ஒரு பக்கம் தலை சாய்த்திருந்தது.

அவள் ஆடிக்கொண்டிருந்தாள். இந்தக் கால். அந்தக் கால். யாரோ மூக்கால் தாலாட்டு முனகினார்கள். அது அவள் குரல்.

இடது கை தானாகப் பின்னால் போனது. தன் முதுகைத் தொடவேண்டிய இடத்துக்கு முன்பே கை நின்றது. குளிர். உருண்டையான குளிர். உள்ளங்கையில் அடங்கியது. மெல்ல மூச்சு விட்டது.

மேலே ரீங்காரத்தின் சுருதி மாறியது. ட்ரோன் மூக்கைத் திருப்பியது.

"நான் ஒண்ணும் பண்ணலயே," என்றான் தெர்வாசே. "அதுவா திரும்புது. அக்கா? கம்பியப் போட்டுட்டு வாங்க. அக்கா!"

திரையில் அவளைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது. அவள் கற்றுக்கொடுத்த அதே கட்டம். ஓரத்தில் ஆறு என்ற எண். அதற்குள்ளே, முதுகின்மேல், சின்னதாய் ஒரு மஞ்சள் கட்டம். ஐந்து.

முதுகைத் தடவிக்கொண்டே நடந்த அந்த நான்காவது கறுப்பு வட்டத்தை விட்டு ஓரடி முன்னால் வந்தது. இரண்டு கைகளையும் நீட்டியது.

"கம்பியப் போடுங்கக்கா! கீழ போடுங்க!"

போட்டால் சத்தம் கேட்கும். பிள்ளை விழித்துக்கொள்ளும்.

ஒரு கை கம்பியில், ஒரு கை முதுகில். இவெரென் முனகியபடி ஆடிக்கொண்டே நின்றாள். மேலேயிருந்து அந்தக் கண் மெல்ல, மிக மெல்ல, அவளை நோக்கி இறங்கி வந்தது.