கடைசி லிஃப்டின் பதிவு

பியோ மிரான் கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்தாள். கையிலிருந்த மஞ்சள் தலைக்கவசத்தை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"நீங்கதானே நாம்குங் யோன்? கம்ப்யூட்டர் பண்ற தப்பைக் கண்டுபிடிக்கறவங்க?"

"தப்பு பண்ணினது கம்ப்யூட்டரா மனுஷனான்னு கண்டுபிடிக்கறவ. உக்காருங்க," என்றார் நாம்குங். ஐம்பத்திரண்டு வயதாகிறது, அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவருடைய துணையாள் தோ ஹியுன் நேர்மாறு. காப்பீட்டு நிறுவனமொன்றில் பதினைந்து வருஷம் பித்தலாட்டங்களை மோப்பம் பிடித்தவன், வாய் சும்மா இருக்காது.

"சூடா ஏதாவது குடிக்கிறீங்களா?" என்றான்.

"குடிக்க வரல. இன்னிக்கு மூணு மணிக்கு என் உரிமத்தைப் பறிக்கப் போறாங்க. அதுக்கப்புறம் போலீஸ்."

அவள் பூசானில் லிஃப்ட் பரிசோதகர். அந்த ஊரின் யோங்தோ பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்று லிஃப்டுகளையும் பார்த்துவிட்டு வந்த ஒன்பதாம் நாள், மூன்றாவது லிஃப்ட் இரண்டு மாடி நழுவி விழுந்தது. உள்ளே இருந்த பார்சல்காரருக்கு இரண்டு காலும் முறிந்தன. அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஏட்டில் முதல் இரண்டு லிஃப்டுக்குத்தான் பதிவு இருந்தது. மூன்றாவதை அவள் பார்க்கவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"பார்த்தேன். பிரேக் தேஞ்சு போச்சு, ஒரு வாரத்துக்குள்ள மாத்துங்கன்னு எழுதினேன். பதிவு போய்ச் சேர்ந்தாத்தான் கட்டடத்துக்கு அறிவிப்பு போகும். 'சேமிக்கப்பட்டது'ன்னு திரையில வந்துச்சு. அதை நம்பிக் கிளம்பினேன்."

"எப்ப வந்துச்சு அந்த வார்த்தை?"

"தொட்ட உடனே. முன்னாடி ஒரு சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். ரெண்டு மாசமா அது இல்ல."

நாம்குங் அதைக் குறித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு நாம்குங்கும் தோ ஹியுனும் அந்த நிறுவனத்துக்குப் போனார்கள். மென்பொருள் பிரிவின் தலைவர் போங் கியுசல் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"நிரலைக் காட்ட மாட்டேன். கம்பெனி ரகசியம்."

"கேட்கவே இல்லையே," என்றார் நாம்குங்.

"பன்னிரண்டு பேர் இதே செயலியைத்தான் பிரவுசர்ல திறந்து வேலை பாக்கறாங்க. பதினொரு பேருக்கு ஒண்ணும் காணாமப் போகல. இவளுக்கு மட்டும் ரெண்டு மாசத்துல மூணு பதிவு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" போங் சிரித்தார். "டேப்லெட்டைக் குடைஞ்சு பாத்துட்டோம். ஒரு படம் இல்ல, ஒரு எழுத்து இல்ல. வேலை செஞ்சிருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கணும்ல?"

நாம்குங் காணாமல் போன மூன்று பதிவுகளின் விவரத்தையும், பன்னிரண்டு பேரும் ஒரு லிஃப்டுக்கு எத்தனை படம் எடுக்கிறார்கள் என்ற பட்டியலையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அக்கா, அந்த ஆளு மூஞ்சியைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது," என்றான் தோ ஹியுன், மதியம் பன்றி எலும்புச் சூப்புக் கடையில்.

"மூஞ்சி சாட்சி சொல்லாது. பட்டியலைப் பாரு."

பார்த்தான். மற்றவர்கள் லிஃப்டுக்கு ஆறு படம், ஏழு படம். மிரான் மட்டும் நாற்பது. அவள் தொலைத்த மூன்று பதிவும் அந்தந்தக் கட்டடத்தின் கடைசி லிஃப்டுடையவை.

"கடைசியா வர்றப்ப அலுத்துப் போய் விட்டுட்டாளோ?"

"இல்லன்னா கடைசி லிஃப்டுக்கு அப்புறம் மட்டும் அவ ஏதோ செய்றா. அங்க கம்பெனி விதி என்ன?"

"கட்டடம் முடிஞ்சதும் பேட்டரி வீணாகாம பிரவுசரை மூடணும்..." தோ ஹியுன் கையில் உருட்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தான்.

"சித்தி, ரெண்டு சூப்!" என்று நாம்குங் சமையலறையிலிருந்த கடைக்காரம்மாவுக்குக் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து "ஆச்சு!" என்று பதில் வந்தது. நாம்குங் வெறும் மேசையைக் காட்டினார். "ஆச்சுன்னுட்டாங்க. சூப் எங்க?"

"இப்பத்தானே சொல்லியிருக்கோம்."

"பிரவுசருக்குள்ள இருக்கற தரவுத்தளமும் அப்படித்தான். எழுதுன்னு சொன்னா ஆர்டரை மட்டும் வாங்கி வச்சுக்கும். எழுதி முடிச்சப்புறம்தான் முடிஞ்சுதுன்னு தகவல் தரும். ஆறு படம்னா கண் சிமிட்டற நேரம். நாற்பது படம்னா அந்தப் பழைய டேப்லெட்டுல நாலு விநாடியாவது ஆகும். என்னிக்காவது அவசரத்துல அதுக்குள்ள கடையை இழுத்து மூடினா?"

"பாதியாவது இருக்கணும்னாரே போங்?"

"இருக்காது. எழுதினா முழுசா எழுதும், நடுவுல அறுந்தா எழுதின பாதியையும் தானே அழிச்சிடும். அது நல்ல குணம்தான். தொழில் தெரிஞ்ச எவனுக்கும் இது தெரியும். போங்குக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேட்டாரா? அதுதான் எனக்கு வேணும்."

மூன்று மணிக்கு விசாரணை. நிறுவனத்தின் விசாரணைக் குழுத் தலைவி சோக்கும் இரண்டு உறுப்பினர்களும், பக்கத்தில் போங்கும் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸுக்குப் போக வேண்டிய கடிதம் முத்திரை குத்தி மேசைமேல் தயாராக இருந்தது. மிரானை நிற்க வைத்திருந்தார்கள். தோ ஹியுனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவள் பின்னால் போட்டான். அவள் உட்காரவில்லை.

நாம்குங் நான்கு டேப்லெட்டுகளை மேசையில் வைத்தார். "எல்லாம் உங்க கம்பெனியோடது. ஒவ்வொண்ணுலயும் நாற்பது படத்தோட ஒரு பதிவு தயாரா இருக்கு. சேமின்னு தொடுங்க. 'சேமிக்கப்பட்டது'ன்னு வந்ததும் பிரவுசரை மூடிடுங்க. போங் சார், நீங்களும்தான்."

"இந்தக் கோமாளித்தனத்துக்கெல்லாம் எனக்கு நேரமில்ல."

"செய்யுங்க போங்," என்றார் தலைவி.

நான்கு விரல்கள் தொட்டன. நான்கு திரைகளிலும் உடனே அந்த வார்த்தை வந்தது. தலைவி மூடினார். உறுப்பினர்கள் மூடினார்கள். போங்கின் கட்டைவிரல் மட்டும் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. தோ ஹியுன் மனசுக்குள் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அப்புறம்தான் மூடினார்.

"திறந்து பாருங்க," என்றார் நாம்குங்.

தலைவியின் டேப்லெட்டில் பதிவு இல்லை. உறுப்பினர்கள் இருவருடையதிலும் இல்லை. போங்குடையதில் மட்டும் நாற்பது படமும் பத்திரமாக இருந்தன.

"பாத்தீங்களா, என் செயலி ஒழுங்கா வேலை செய்யுது!" என்றார் போங் அவசரமாக. "இவங்க அவசரக் குடுக்கை மாதிரி மூடினா..."

"மூடச் சொன்னது உங்க விதி. சேமிச்சாச்சுன்னு சொன்னது உங்க திரை. மூணு பேர் அதை நம்பினாங்க. நீங்க ஏன் காத்திருந்தீங்க?"

போங் தன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் சொல்றேன். எழுதி முடிஞ்ச தகவல் வந்தப்புறம் காட்ட வேண்டிய வார்த்தையை, கேட்டவுடனே காட்டற மாதிரி ரெண்டு மாசம் முன்னாடி மாத்துனீங்க. சக்கரம் போச்சு, செயலி வேகமாச்சுன்னு பேரும் வந்துச்சு. லிஃப்ட் விழுந்த அன்னிக்கே உங்களுக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு, பழியை இந்தப் பொண்ணு தலையில போட்டீங்க. எல்லாரையும் விட அதிகமா படம் எடுத்து, அக்கறையா வேலை பாத்தவங்களோட பதிவுதான் எழுத நேரமாகும். அதனாலதான் அவங்களுது போச்சு."

போங் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. விரலை மிரானிடம் நீட்டினார். "மெதுவா இருக்கு, மெதுவா இருக்குன்னு தினமும் என் உயிரை வாங்கினது யாரு? புகார் மனுவுல முதல் கையெழுத்து உன்னோடது இல்ல?"

"என்னோடதுதான்," என்றாள் மிரான். "வேகமா எழுதச் சொன்னேன். எழுதாமலே எழுதிட்டேன்னு சொல்லச் சொல்லல. அந்த மனுஷன் ஆஸ்பத்திரியில காலைத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்காரு. நான் சொன்னதை நீ கொண்டுபோய்ச் சேர்த்திருந்தா அவரு நடந்துக்கிட்டிருப்பாரு."

அவள் அவரை 'நீ' என்றதை யாரும் தடுக்கவில்லை. தலைவி சோக் தலையைக் குனிந்துகொண்டு, போலீஸுக்கான கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க," என்றாள் மிரான். "பேரை மட்டும் மாத்துங்க."